விளைவதெல்லாம் சேமிப்பல்ல: துருவக் கடற்பாசிகளும் கடலின் கார்பன் கணக்கும்

பருவமழை தொடங்கி ஆறுகள் பெருகினால், கொச்சியின் வல்லார்பாடம் தீவைச் சுற்றியுள்ள காயலில் ஆகாயத்தாமரை அடர்ந்து மிதந்து வரும். படகுத்துறைகளை அடைக்கும், வலைகளில் சிக்கும், கோஸ்ரீ பாலங்களின் தூண்களில் மோதி நிற்கும். மழை ஓய்ந்து அரபிக்கடலின் உப்பு உள்ளே ஏறியதும் இலை பழுத்து, தண்டு கருகி, மொத்தச் செடியும் மூழ்கி அழுகிவிடும். வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவில் பெரும்பகுதியை அழுகும்போது திருப்பிக் கொடுத்துவிடும். கொச்சிக் கழிமுகத்தில் நடந்த அளவீடுகளும் இதையே காட்டுகின்றன. ஆறுகள் கொண்டுவரும் கரிமப் பொருள் இங்கே சிதைவதால், இந்த நீர் கரியமில வாயுவை மிகையாகச் சுமந்து காற்றில் வெளிவிடுகிறது. பார்வைக்கு இவ்வளவு பச்சையாக இருக்கும் காயல், கார்பன் கணக்கில் செலவுப் பக்கத்தில் நிற்கிறது.

செடி வளர்வது எல்லோருக்கும் தெரிகிறது. அதில் அடங்கிய கார்பன் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரிவதில்லை. கடலியலாளர்கள் இதே கேள்வியை இன்று பூமியின் இரு முனைகளிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். துருவக் கடல்களில் பனி சுருங்குகிறது. வெளிச்சம் படும் பாறைகள் கூடுகின்றன. அந்தப் பாறைகளில் கடற்பாசி ஏறுகிறது. அப்படியானால் புவி வெப்பமாதலுக்கு எதிராக இயற்கையே ஒரு கார்பன் கிடங்கைத் திறக்கிறதா? கிடங்கு உண்டு, ஆனால் அதன் அளவை நிர்ணயிப்பது பாசி வளரும் இடத்தைவிட அது உடைந்து போய்ச் சேரும் இடம்தான் என்பதே கடந்த பத்து ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் விடை.

கேள்வி பிறந்த விதம்

கடல் தன்னுள் சுமார் 38 லட்சம் கோடி டன் கார்பனை வைத்திருக்கிறது. இது காற்றுமண்டலத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவில் கால் பங்கைக் கடலே வாங்கிக்கொள்கிறது. இந்த வேலையில் உயிர்களின் பங்கு என்றால் பல காலமாக நுண்ணிய தாவர மிதவை உயிரிகளைத்தான் சொல்லிவந்தார்கள். கரையோரத்துப் பெரும்பாசிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1981-லேயே எஸ்.வி. ஸ்மித் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அந்தக் குரல் அப்போது பெரிதாக எடுபடவில்லை.

2009-ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 'நீலக் கார்பன்' பற்றிய அறிக்கையை வெளியிட்டபோதும் கடற்பாசிக்கு இடம் கிடைக்கவில்லை. கண்டல் காடு, உவர்ச் சதுப்பு, கடற்புல் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. இவற்றுக்கு வேர் உண்டு. வேரைச் சுற்றிச் சேறு உண்டு. அந்தச் சேற்றில் கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் புதைந்து கிடக்கும். பாசிக்கு வேரே கிடையாது. பாறையைப் பிடித்துக்கொள்ளும் பற்றுறுப்பு மட்டுமே உண்டு. அதன் காலடியில் புதைக்க மண் இல்லை.

2016-ல் டோர்டே கிராவுஸ்-யென்சென், கார்லோஸ் துவார்ட்டே இருவரும் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை விவாதத்தைத் திருப்பியது. காலடியில் மண் இல்லாவிட்டால் என்ன, பாசியின் கார்பன் வேறிடத்துக்குப் பயணமாகிறதே என்றார்கள் அவர்கள். உலகின் பெரும்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 152 கோடி டன் கார்பனை உடலாக்குகின்றன. அதில் ஏறத்தாழ 17.3 கோடி டன், அதாவது 11 விழுக்காடு, நீண்ட காலத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. அப்படி ஒதுங்குவதில் பத்தில் ஒன்பது பங்கு ஆழ்கடலுக்குப் போகிறது என்று மதிப்பிட்டார்கள். 2019-ல் இன்னொரு குழு ஆழ்கடல் நீரில் பாசியின் மரபணுத் துணுக்குகளைத் தேடியது. கரையை விட்டு வெகுதொலைவில், நாலாயிரம் மீட்டர் ஆழத்திலும் அவை கிடைத்தன. பயணம் உண்மை என்பதற்கு அது சாட்சி. எவ்வளவு பயணிக்கிறது என்பதே மீதமிருந்த வழக்கு.

இருளில் வளரும் பாசி

துருவப் பாசியின் வாழ்க்கை நம் கடற்கரைப் பாசிகளின் வாழ்க்கையைப் போன்றதல்ல. ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 79 டிகிரி வட அகலாங்கில் இருக்கும் நீ-ஆலெசுண்ட் ஊரில் அக்டோபர் இறுதியில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் மீண்டும் எழும். கடல் உறைந்து, அதன்மேல் வெண்பனியும் படிந்துவிட்டால் இளவேனிலில்கூட அடியில் வெளிச்சம் இராது. அந்த நீரிலும் பழுப்புப் பாசிகள் காடாக நிற்கின்றன.

லாமினேரியா சொலிடுங்குலா என்ற ஆர்க்டிக்குக்கே உரிய கெல்ப் பாசியை எடுத்துக்கொள்வோம். அதன் இலைப்பரப்பு ஒரே நாடாவாக இராது. நடுநடுவே இடை சிறுத்து, துண்டு துண்டாகத் தொடுத்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஓர் ஆண்டின் வளர்ச்சி. அடியில் இருப்பது இந்த ஆண்டுடையது, மேலே போகப்போகப் பழையது. கிழிந்த நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மூன்று நான்கு ஆண்டு வரலாற்றைப் படித்துவிடலாம். அலாஸ்காவின் வடகரையில், போஃபோர்ட் கடலின் 'போல்டர் பேட்ச்' பகுதியில் கென் டன்டன் பல்லாண்டுகள் நடத்திய ஆய்வுகள் ஒரு வியப்பை வெளிப்படுத்தின. இந்தப் பாசி தன் ஆண்டு வளர்ச்சியின் பெரும்பகுதியைப் பனிக்கூரைக்குக் கீழே கும்மிருட்டில் முடித்துவிடுகிறது. கோடையில் சூரியன் இருக்கும்போது சர்க்கரையைச் சேர்த்து லாமினரன் என்ற மாவுப்பொருளாக வைத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் நீரில் நைட்ரேட் சத்து மிகுந்திருக்கும்போது அந்தக் கையிருப்பைச் செலவழித்துப் புதிய இலை விடுகிறது.

கார்பன் கணக்குக்கு இது முக்கியமான செய்தி. இங்கே கார்பனை உள்வாங்கும் பருவம் ஒன்று, உடலாக்கும் பருவம் இன்னொன்று. கோடையில் மட்டும் போய் அளந்துவிட்டு வருபவர் பாதிக் கதையைத்தான் கேட்டிருப்பார்.

அண்டார்க்டிகாவில் கெல்ப் இனமே கிடையாது. அதன் இடத்தை டெஸ்மரெஸ்டியா இனங்களும் ஹிமந்தோதாலஸ் கிராண்டிஃபோலியஸ் என்ற பெரும்பாசியும் பிடித்திருக்கின்றன. ஹிமந்தோதாலஸின் தோல்போன்ற பட்டை பத்து மீட்டரையும் தாண்டி நீளும். நிமிர்ந்து நிற்காமல் கடலடியில் படுத்துக் கிடக்கும். இங்குள்ள பல பழுப்புப் பாசிகள் கசப்பான வேதிப்பொருள்களைத் தம் உடலில் வைத்திருப்பதால் பச்சையாக அவற்றைத் தின்ன வரும் உயிர்கள் குறைவு. ஆகவே விளைச்சலில் பெரும்பகுதி மேய்ச்சலுக்குப் போகாமல் உடைந்த கழிவாகக் கடலடிக்கு வருகிறது.

பாசியின் கார்பன் போகும் வழிகள்

கெல்ப் பாசி வளர்வது நுனியில் அன்று. தண்டும் இலையும் சேரும் இடத்தில் புதுத் திசு பிறந்து, பழைய இலையை மேலே தள்ளிக்கொண்டே போகிறது. நுனி ஓயாமல் நைந்து உதிர்கிறது. காட்டின் நிறை ஆண்டு முழுவதும் மாறாததுபோல் தோன்றினாலும் உள்ளே ஓட்டம் நிற்பதில்லை. அந்த ஓட்டம் நான்கு வழிகளில் பிரிகிறது.

முதல் வழி, வயிற்றுக்குள். கடல் முள்ளெலிகள், நத்தைகள், ஆம்ஃபிபாட் என்னும் சிறு கணுக்காலிகள் தின்று, செரித்து, மூச்சாக வெளிவிடுகின்றன. வடக்கு நார்வேயில் 1970-களிலிருந்து முள்ளெலிகள் பெருகி கெல்ப் காடுகளைப் பெரும்பரப்பில் மொட்டையாக்கிவிட்டன. அந்தக் காடுகளின் கார்பன் திரும்பவும் நீருக்கும் காற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது வழி, கரைசலாக. உயிருள்ள பாசி தொடர்ந்து கரிமப் பொருளை நீரில் கசியவிடுகிறது. இதில் பெரும்பகுதியைப் பாக்டீரியாக்கள் சில நாள்களில் தின்றுவிடும். எல்லாமே அவற்றுக்கு எளிதில் செரிப்பதில்லை. பழுப்புப் பாசியின் வழவழப்புக்குக் காரணமான ஃபுகோய்டன் என்ற சர்க்கரைச் சேர்மம் அப்படிப்பட்டது. ஜெர்மனியின் பிரெமன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் 2022-ன் இறுதியில் வெளியிட்ட ஆய்வில், உலகின் பழுப்புப் பாசிகள் இந்தக் கோழை வழியாக மட்டும் ஆண்டுக்கு 15 கோடி டன் கார்பன்வரை ஒதுக்கக்கூடும் என்று கணித்தார்கள். பால்டிக் கடலின் ஒரே ஓர் இனத்தை அளந்து உலகுக்கு விரித்த கணக்கு அது என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவது வழி, துண்டுகளாக ஆழத்துக்கு. புயலும் பனிக்கட்டி உராய்வும் பாசியைப் பிய்த்து எறிகின்றன. துண்டுகள் சரிவுகளில் உருண்டு பள்ளங்களில் சேர்கின்றன. வடக்கு நார்வேயின் மாலங்கென் ஃபியோர்டில் (நிலத்துக்குள் நீளும் ஆழமான கடற்கழி) 400 மீட்டருக்கும் ஆழமான சேற்றில் கெல்ப் துண்டுகளை ஆய்வாளர்கள் படமெடுத்திருக்கிறார்கள்.

நான்காவது வழி, வண்டலில் புதைதல். நான்கிலும் சிறியது இது. ஆனால் மிக நீண்ட காலத்துக்கு நிலைப்பதும் இதுவே.

வயலில் நெல் அமோகமாக விளைந்ததாலேயே வீட்டுக் குதிர் நிறைந்துவிடுவதில்லை. கூலிக்கும் கடனுக்கும் உலைக்கும் போக மிஞ்சியதுதான் குதிருக்கு வரும். பாசிக்காட்டின் பரப்பை மட்டும் செயற்கைக்கோள் படத்தில் அளந்து கார்பன் சேமிப்பு இவ்வளவு என்று அறிவிப்பவர்கள் விளைச்சலைப் பார்த்துக் குதிரின் அளவைச் சொல்கிறார்கள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2016-ன் மதிப்பீடு 17.3 கோடி டன் என்று நடுவெண் சொன்னாலும், அதன் கீழ்வரம்பு 6.1 கோடி, மேல்வரம்பு 26.8 கோடி. நான்கு மடங்குக்கும் மேலான இடைவெளி. 2024-ல் கேரன் ஃபில்பீ-டெக்ஸ்டர் தலைமையிலான பன்னாட்டுக் குழு, கடல் நீரோட்ட மாதிரிகளைக் கொண்டு கணக்கை மறுபடி போட்டது. பாசி விளைச்சலில் சராசரியாக 15 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 5.6 கோடி டன் கார்பன், கண்டத்திட்டைத் தாண்டி வெளியேறுகிறது. இதிலும் ஒரு கோடி முதல் 17 கோடி டன்வரை ஐயத்துக்கு இடம் உண்டு. 200 மீட்டருக்குக் கீழே போய் நூறாண்டுகள் தங்கக்கூடியது 40 லட்சம் முதல் 4.4 கோடி டன்வரைதான். எட்டே ஆண்டுகளில் மதிப்பீடு பெருமளவு இறங்கியிருக்கிறது.

இன்னும் கடுமையான எதிர்வாதமும் வந்தது. ஜான் கல்லகரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2022-ல், பாசிக்காட்டைத் தனி மரமாகப் பார்க்காமல் ஒரு முழு வாழிடமாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். அங்கே வாழும் கடற்பஞ்சுகளும் சிப்பிகளும் வெளியிலிருந்து மிதந்துவரும் மிதவை உயிரிகளை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. அதையும் சேர்த்தால் சில பாசிக்காடுகள் நிகரக் கணக்கில் கார்பனை வெளியேற்றுபவையாகவே தெரிகின்றன. இந்த வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் கணக்கின் எல்லையை எங்கே வரைவது என்ற கேள்வியை யாரும் இனி ஒதுக்க முடியாது.

மூன்றாவது சிக்கல் இயற்பியல் சார்ந்தது. பாசி கார்பனை எடுப்பது நீரிலிருந்து. நேரடியாகக் காற்றிலிருந்து எடுப்பதில்லை. நீரில் குறைந்ததைக் காற்று ஈடுசெய்தால்தான் காற்றுமண்டலத்துக்கு லாபம். அந்த ஈடுகட்டல் முடிய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்த நீர் குளிர்ந்து கனத்து ஆழத்துக்குப் போய்விட்டால் காற்றிலிருந்து எதுவும் குறையாது. துருவக் கடல்களின் சில பகுதிகளில் மேல்நீர் மூழ்குவது இயல்பு என்பதால் இந்தச் சிக்கல் அங்கே கூர்மையாகிறது. கேட்ரியோனா ஹர்டு முதலானோர் 2022-ல் கார்பன் கணக்குக்குக் குற்றப் புலனாய்வு போன்ற துல்லியம் வேண்டும் என்று எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

துருவப் பாசிக்குச் சாதகமான காரணங்களும் வலுவானவை. குளிரில் சிதைவு மெதுவாக நடக்கும். வட அரைக்கோளத்தின் பல கடற்கரைகளில் ஒரே முறையில் கெல்ப் துண்டுகளை நீரில் வைத்துப் பார்த்து 2022-ல் வெளியான ஆய்வு, நீர் வெப்பமாக இருந்த இடங்களில் அவை விரைவாகவும் குளிர்ந்த இடங்களில் மெதுவாகவும் சிதைந்ததைக் காட்டியது. மெதுவாகச் சிதையும் துண்டுக்கு ஆழத்தை எட்ட அவகாசம் கிடைக்கிறது. பனியாறுகள் குடைந்துவிட்டுப்போன ஆழப் பள்ளங்கள் துருவக் கரைகளை ஒட்டியே கிடக்கின்றன. பாசிக்காட்டுக்கும் ஆழத்துக்கும் இடைத்தூரம் குறைவு. துருவத்தில் ஆழ்கடலுக்குள் இறங்கும் நீர் மறுபடி மேலே வர நூற்றாண்டுகள் ஆகும். சிதைவை ஒப்பிட்ட அந்த ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் சுமந்திருக்கிறது: துருவ நீர் வெப்பமாக ஆக, சிதைவும் வேகமெடுக்கும். பாசியைப் பெருக்கும் அதே வெப்பம் அதன் சேமிப்பைக் கரைக்கவும் செய்யும்.

வடக்கே: கோங்ஸ்ஃபியோர்டு

நீ-ஆலெசுண்ட் ஊரின் முன்னால் விரிந்திருக்கும் கோங்ஸ்ஃபியோர்டு, உலகிலேயே நெருக்கமாக ஆராயப்பட்ட துருவப் பாசிக்காடுகளில் ஒன்றின் இருப்பிடம். அட்லாண்டிக்கின் இளஞ்சூட்டு நீர் அதற்குள் புகுகிறது. 2006-க்குப் பிறகு குளிர்கால உறைபனி முன்புபோல் நம்பகமாக உருவாவதில்லை. அங்குள்ள ஹான்ஸ்நெசெட் பகுதியில் 1990-களின் பிற்பகுதியில் மூழ்காளர்கள் பாசியை வெட்டி எடை போட்டிருந்தார்கள். 2012–14-ல் இங்கா பார்ட்ஷ் குழுவினர் அதே இடத்தில் மறுபடி எடை போட்டார்கள். ஆழம் குறைந்த பகுதியில் கெல்பின் எடை பல மடங்கு கூடியிருந்தது. மிதக்கும் பனி உராய்ந்து பாறையைத் துடைப்பது குறைந்ததுதான் காரணம். ஆனால் பாசி வாழக்கூடிய கீழெல்லை மேலேறியிருந்தது. உருகும் பனியாறுகள் கொண்டுவரும் வண்டல் நீரைக் கலக்கி வெளிச்சத்தை மறைக்கிறது. ஒரே பனியுருக்கம் மேலே காட்டை வளர்க்கிறது, கீழே காட்டை அழிக்கிறது.

கிரீன்லாந்துக் கரையில் நடந்த ஆய்வுகளும் பனியில்லாத நாள்கள் கூடும் இடங்களில் கெல்ப் ஆழமாகவும் விரைவாகவும் வளர்வதைக் காட்டின. உலகக் கடற்கரை நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆர்க்டிக்கைச் சேர்ந்தது என்பதால் சிறு மாற்றமும் பெருந்தொகையாக விரியலாம். அந்தக் கரை முழுவதும் பாறையல்ல. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் நிலத்தடி உறைமண் இளகி, கரை சரிந்து, கடலைச் சேறாக்கிக்கொண்டிருக்கிறது. கிரீன்லாந்தின் படத்தை ஆர்க்டிக் முழுமைக்கும் ஒட்டிவிடக்கூடாது.

இதே ஃபியோர்டில் இந்தியாவுக்கும் காலூன்ற இடம் இருக்கிறது. 2008 ஜூலையில் தொடங்கிய ஹிமாத்ரி நிலையம் நீ-ஆலெசுண்டில்தான் உள்ளது. 2014 ஜூலையில் கோங்ஸ்ஃபியோர்டின் 192 மீட்டர் ஆழத்தில் இண்டார்க் என்ற நங்கூரமிட்ட ஆய்வுக்கருவித் தொகுதியை இந்தியா நிறுவியது. சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு அதில் முக்கியமானது. 2023 டிசம்பரில் ஹிமாத்ரிக்கு முதல் குளிர்காலப் பயணமும் புறப்பட்டது. இருளில் வளரும் பாசியை இருளிலேயே அளக்க வாய்ப்பு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

தெற்கே: போட்டர் கோவ்

அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில், அர்ஜென்டினாவின் கார்லினி நிலையத்துக்கு எதிரே போட்டர் கோவ் என்ற சிறு வளைகுடா இருக்கிறது. ஃபோர்கேடு பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, பல காலமாகப் பனிக்குள் கிடந்த பாறைகள் வெளியே வந்தன. மரியா லிலியானா குவார்ட்டினோ குழுவினர் அவற்றில் பாசி குடியேறுவதைப் பதிவு செய்தார்கள். புதிய காடு என்றதும் புதிய சேமிப்பு என்று மனம் ஓடும். அதே வளைகுடாவில் நடந்த அடுத்த ஆய்வு அந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போட்டது. பனியாற்றுக்கு அருகே, கலங்கிய நீரில் வளரும் பாசிகளின் ஒளிச்சேர்க்கைக்கும் மூச்சுக்கும் உள்ள நிகரத்தை அளந்தபோது, லாபம் மிகக் குறைந்தே இருந்தது. உயிர் தரிக்கிறது என்பதற்காகச் சேமிக்கிறது என்று சொல்ல முடியாது.

தென்துருவம் தனித்தீவும் அல்ல. 2017-ல் கிங் ஜார்ஜ் தீவின் கரையில் தெற்கத்திய 'புல் கெல்ப்' (bull kelp) என்ற பாசி ஒதுங்கிக் கிடந்தது. அது அங்கே வளரும் இனமே அல்ல. மரபணுவைச் சோதித்தபோது ஒரு துண்டு தெற்கு ஜார்ஜியாவிலிருந்தும், இன்னொன்று இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருக்கும் கெர்கலன் தீவிலிருந்தும் வந்திருப்பது தெரிந்தது. கெர்கலனிலிருந்து வந்தது 20,000 கிலோமீட்டருக்கும் மேல் மிதந்திருக்க வேண்டும் என்று 2018-ல் செரிடுவன் ஃப்ரேசர் குழுவினர் எழுதினார்கள். இவ்வளவு தூரம் மிதக்கும் பாசி வழியில் எங்கேயும் மூழ்கலாம். அப்படி மூழ்கும் கார்பனை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது?

லோஹாஃபெக்ஸ் தந்த பாடம்

கடலில் உயிரை வளர்த்துக் கார்பனை ஆழத்துக்கு அனுப்பலாம் என்ற எண்ணத்தை இந்தியா ஒருமுறை நேரில் சோதித்திருக்கிறது. 2009 தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து 'போலார்ஸ்டெர்ன்' கப்பலில் தென்கடலுக்குச் சென்றன. வாஜிஹ் நக்வி, விக்டர் ஸ்மெட்டாசெக் இருவரும் தலைமை ஏற்றார்கள். சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் மிதவை உயிரிகளுக்கு உரமாக இரும்பு சல்பேட்டைக் கரைத்தார்கள். எதிர்பார்த்தபடி மிதவை உயிரிகள் வளர்ந்தன. வளர்ந்தவற்றைக் கோபிபாட்கள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகள் தின்றன. கோபிபாட்களை ஆம்ஃபிபாட்கள் தின்றன. கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம்கள் பெருக அந்த நீரில் சிலிக்கா போதவில்லை. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம்.

லோஹாஃபெக்ஸ் என்ற இந்தச் சோதனை தோல்வி என்று சிலர் எழுதினார்கள். என் பார்வையில் இந்தியக் கடலியல் துருவக் கடலிலிருந்து கொண்டுவந்த அரிய பாடங்களில் இதுவும் ஒன்று. விதைத்தது வளர்ந்தது, வளர்ந்தது ஆழத்தை எட்டவில்லை. உணவு வலையில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதே கார்பனின் விதியை எழுதுகிறது. மிதவை உயிரிக்குப் பொருந்திய இந்த விதி பெரும்பாசிக்கும் பொருந்தும். துருவப் பாசி பற்றி வாக்குறுதி தருவோர் முதலில் லோஹாஃபெக்ஸ் முடிவுகளைப் படிக்க வேண்டும்.

கொச்சியிலிருந்து மன்னார் வளைகுடாவரை

இந்த விவாதத்தில் கொச்சிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1971-ல் மண்டபத்திலிருந்து இடம்பெயர்ந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருக்கிறது. வல்லார்பாடத்தை அடுத்த வைப்பின் தீவில், புதுவைப்பில், கடல்வாழ் உயிர்வளங்களுக்கும் சூழலியலுக்குமான மையம் இருக்கிறது. அதன் 'சாகர் சம்பதா' கப்பல் 1995–96-ல் கிரில் ஆய்வுக்காக அண்டார்க்டிகக் கடலுக்கே போய்வந்தது. துருவக் கடலின் உணவு வலையை நேரில் கண்ட அனுபவம் இந்தத் துறைமுகத்துக்கு உண்டு.

கொச்சிக்குச் சொந்தமான இன்னொரு பாடமும் இருக்கிறது. 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்ட வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்துக்காகவும் அதன் இணைப்புகளுக்காகவும் இப்பகுதியின் கண்டல் காடுகள் பல இடங்களில் வெட்டப்பட்டன. பெருங்கப்பல்கள் வர வேண்டும் என்பதற்காகக் கால்வாய் ஓயாமல் தூர்வாரப்படுகிறது. கண்டலின் சேற்றில் கார்பன் தங்குகிறது என்பதில் அறிவியலில் சண்டையே இல்லை. நிச்சயமான கிடங்கைக் கண்முன்னே இழந்துவிட்டு, நிச்சயமில்லாத கிடங்கைத் தொலைவில் தேடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தமிழ்நாட்டுக் கரையில் இந்தக் கேள்விக்கு வயிற்றுப்பாடும் சேர்ந்திருக்கிறது. இந்தியக் கரைகளில் 844 வகைக் கடற்பாசிகள் பதிவாகியுள்ளன. பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துவருகிறார்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் குனிந்து பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போடும் வேலை அது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தபோதுதான் வெளியுலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. இன்னொரு பக்கம் கப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவைகளில் கட்டி, 45 நாளில் அறுக்கும் வளர்ப்பு பரவியது. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்த வளர்ப்பைக் கார்பன் சேமிப்பாகக் காட்டி வரவுப் பத்திரம் (கார்பன் கிரெடிட்) விற்கலாம் என்ற பேச்சு இப்போது அடிபடுகிறது. மிதவையில் வளரும் கப்பாபைகஸின் வழியைத் தொடர்ந்து பாருங்கள். அறுத்த பாசியைப் பிழிந்த சாறு பயிர் ஊக்கியாக வயலுக்குப் போகிறது. காய்ந்த பாசியிலிருந்து காரஜீனன் எடுத்து, பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் சேர்க்கிறார்கள். அதில் இருந்த கார்பன் அதிகநாள் போகாமல் மீண்டும் காற்றில் இருக்கும். கொச்சி மீன்வள நிறுவனத்தினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, நம் கரைப் பாசிகள் கரியமில வாயுவை விரைவாக உள்வாங்குவதைக் காட்டியது. உள்வாங்கும் வேகத்தை அது நன்றாக அளந்தது. ஆனால் தங்கும் காலம் தனிக் கேள்வி. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இதே கப்பாபைகஸ் பவளங்கள்மேல் படர்ந்தது 2008-ல் பதிவானதையும் சேர்த்து எடைபோட வேண்டும். பாசி வளர்ப்பு பெண்களின் கைக்குக் காசு தருகிறது. ஆதரிக்க அதுவே போதுமான காரணம். நிரூபிக்கப்படாத கார்பன் வருமானத்தைக் காட்டி அவர்களைக் கடனில் இறக்கக்கூடாது.

செய்ய வேண்டியவை

இதுவரை தெரிந்தவற்றைத் தொகுத்தால் துருவப் பாசிகளின் பங்கு இவ்வளவுதான் என்று சொல்லலாம். பனி விலகும் பாறைக் கரைகளில் அவை பெருகுகின்றன. குளிரும் ஆழப் பள்ளங்களும் அவற்றின் கார்பனுக்கு மற்றக் கடல்களில் கிடைக்காத வாய்ப்பைத் தருகின்றன. கலங்கல், மேய்ச்சல், வெப்பம் ஆகிய மூன்றும் அந்த வாய்ப்பைக் குறைக்கின்றன. நிகரம் கூட்டலில் முடியும் இடங்கள் உண்டு, கழித்தலில் முடியும் இடங்களும் உண்டு.

ஆகவே அளக்கும் முறை மாற வேண்டும். காட்டின் பரப்போடு சேர்த்து, உதிர்ந்த துண்டுகள் போகும் பாதையையும் அளக்க வேண்டும். கோங்ஸ்ஃபியோர்டின் ஆழச் சேற்றிலும் இண்டார்க் நிற்கும் நீரிலும் பாசியின் மரபணுத் தடயத்தை எல்லாப் பருவத்திலும் தேட இந்தியாவிடம் நிலையமும் கருவியும் உள்ளன, ஆள்களும் இருக்கிறார்கள். எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்த பாசியியல் மரபு நமக்கு இருக்கிறது. அந்த மரபில் பயின்றவர்களைத் துருவத் திட்டங்களில் சேர்க்க வேண்டும். கார்பன் வரவுப் பத்திரம் எதுவாயினும், எவ்வளவு ஆழத்தில், எத்தனை ஆண்டுக்கு, காற்றிலிருந்து உண்மையில் குறைந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் அளவீட்டோடு விடை சொல்லாமல் வழங்கக்கூடாது. சேற்றில் தங்கிவிட்ட கார்பனைக் கிளறும் அடிமட்ட இழுவலைக்கு, வடக்கே ஃபியோர்டுகளாயினும் நம் கரைகளாயினும், வரம்பு கட்ட வேண்டும்.

அளவையும் நேராகப் பார்த்துவிடுவோம். மனிதர்கள் ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் ஆயிரம் கோடி டன்னுக்கும் மேல். உலகத்துப் பெரும்பாசிகள் அனைத்துக்கும் சேர்த்து 2016-ல் சொல்லப்பட்ட தாராளமான மதிப்பீட்டின் நடுவெண்கூட அதில் இரண்டு விழுக்காட்டை எட்டவில்லை; துருவங்களின் பங்கு அதிலும் ஒரு பகுதி. பாசிக்காடுகள் மீனுக்குக் குஞ்சு பொரிக்கும் இடம், கரைக்கு அரண், எண்ணற்ற உயிர்களுக்கு வீடு. அவற்றைக் காக்க இந்தக் காரணங்கள் போதும். நம் புகைக்கு அவற்றைப் பிணையாக நிறுத்துவது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. கடலில் எவ்வளவு பாசி வளர்ந்தாலும், நிலத்தடியிலிருந்து எடுக்காமலே விட்ட கரிக்கு மட்டும்தான் ஐயமில்லாத கணக்கு உண்டு.